மருமகனின் ஆராய்ச்சி

என் தங்கை மகன் மனநோய் வைத்தியத்தில் எம்.டி. படிக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்கு வந்திருந்தான். வந்தவன் முகத்தில் களையில்லை. ஏத்தங்காய் உப்பேரியைத் தட்டில் வைத்தால் சாதாரணமாக ஐந்து நிமிஷத்தில் காலி செய்கிற பையன், ஒரு துண்டைக் கையில் எடுத்து வைத்துக் கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"என்ன மக்ளே, தீஸிஸ் ஏதாச்சும் தகராறா?" என்றேன்.

"தகராறு ஒண்ணும் இல்லை மாமா. தலைப்பு கொடுத்தாச்சு. சர்க்கரை நோயாளிகள் நூறு பேர். அவங்களுக்கு மனச்சோர்வு எவ்வளவுன்னு அளக்கணும். எங்க நூலகத்திலேயே இதே மாதிரி ஏழெட்டு கிடக்கு."

அவன் கேட்டது வேறு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே போய்த் தங்கி, விசாரித்து எழுத வேண்டும் என்பது அவன் ஆசை. வழிகாட்டும் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "இது சோஷியாலஜிக்காரன் வேலை. நீ டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். முன்னுரையில் துக்கம் என்ற உணர்ச்சி பிராணிகளிடமிருந்து மனிதன் வரைக்கும் எப்படி வந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தானாம். அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'பாட்டிக் கதை' என்று எழுதிக் கொடுத்தாராம்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் 'பாட்டிக் கதை' என்று ஒருவர் வசையாகச் சொன்னால் எனக்கு உடனே கோபம் வரும். அது என் குலத்தொழில். ஆகவே இந்தக் கட்டுரை கோபத்தில் எழுதியது. வாசகர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக் கொள்ளலாம்.

பையன் ஏன் இதைக் கேட்டான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவனுடைய ஆஸ்பத்திரிக்குக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாளாம். தூக்கமில்லை என்று வந்திருக்கிறாள். கணவன் கடலுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. ராத்திரி ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறாள். சர்க்கார் ஏழு வருஷக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி நிவாரணப் பணம் கொடுத்துவிட்டது. அந்தப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அழுகிறாள். மற்றபடி மீன் விற்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள், கோவிலுக்குப் போகிறாள்.

இவளுக்கு வியாதியா, இல்லையா?

இதற்கு அவர்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 'நீடித்த துக்கம்' என்று ஒரு வியாதி சேர்ந்திருக்கிறது. இறந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேலும் ஏக்கம் தணியாமல் வாழ்க்கையை முடக்கிப் போட்டால் வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதம். சரி, அளவு வேண்டும்தானே, வைத்துக் கொள்ளட்டும். ஆனால் இரண்டு புத்தகமும் கூடவே ஒரு நிபந்தனை வைக்கின்றன. அந்தத் துக்கம், அந்த மனிதன் வாழும் சமூகத்தின், மதத்தின், பண்பாட்டின் வழக்கத்தைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்கின்றன.

இந்த இடத்தில்தான் நான் பேராசிரியரைப் பிடித்துக் கொள்கிறேன். தூத்தூரின் வழக்கம் என்ன? உடல் கிடைத்த வீட்டில் என்ன செய்வார்கள், உடல் கிடைக்காத வீட்டில் என்ன செய்வார்கள்? கல்லறை இல்லாத சாவுக்கு ஒரு கத்தோலிக்கக் கடற்கரை எத்தனை நாள் அழும்? எப்போது வெள்ளைச் சேலையை மாற்றலாம், யார் சொல்லி மாற்ற வேண்டும்? மாமியார் வீட்டிலா, தாய் வீட்டிலா அவள் இருக்க வேண்டும்? இதைத் தெரிந்து கொள்ளாமல் வழக்கத்தைத் தாண்டியதா இல்லையா என்று எந்த டாக்டர் தீர்ப்பளிக்க முடியும்? புத்தகமே உன்னைக் கிராமத்துக்குப் போய் வா என்று சொல்கிறது. நீ அது வேறு ஆள் வேலை என்கிறாய். அப்படியானால் அந்த வேறு ஆளை உன் ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறாயா? அதுவும் இல்லை.

உடல் கிடைக்காத சாவுக்கு ஒரு பெயர் வைத்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரை 1970-களில் பார்த்துப் பேசி எழுதினார். போனவன் இருக்கிறானா இல்லையா என்று முடிவு தெரியாத இழப்பு, முடிவு தெரிந்த சாவிலிருந்து வேறு ஜாதி என்று சொன்னார். அவர் குடும்பங்களைப் படித்த சமூக ஆராய்ச்சிக்காரர். சோஷியாலஜிக்காரன் வேலை என்று பேராசிரியர் சொன்னது அந்த அளவில் வாஸ்தவம்தான். அந்த வேலையை அமெரிக்காவில் செய்தார்கள். குளச்சல் கரையில் செய்ய வேண்டாம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி பாட்டிக் கதைக்கு வருகிறேன். தட்டில் சோறு மூடி வைத்துக் காத்திருப்பதும், செருப்புச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவதும் மூளையின் கோளாறா? ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநோய் வைத்தியர் 1969 முதல் 1980 வரை மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். தாயைப் பிரிந்த குரங்குக் குட்டி முதலில் கத்தும், தேடும், பிறகு சோர்ந்து சுருளும். மனிதக் குழந்தையும் அப்படியே. துணையை இழந்த பெரியவர்களும் ஏறக்குறைய அப்படியே என்று காட்டினார். ஏன் தேட வேண்டும்? உயிரினங்களின் நெடிய சரித்திரத்தில் பிரிந்தது பெரும்பாலும் செத்துப் போனதால் அல்ல, வழி தவறியதால். கத்தித் தேடிய குட்டிக்குத் தாய் கிடைத்தாள். தேடாத குட்டியின் வம்சம் இல்லை. ஆகவே தேடுகிற குணம் நம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. தூத்தூர்ப் பெண்ணுக்கு உடல் காட்டப்படவில்லை. அவளுக்குள் தேடுகிற யந்திரத்தை நிறுத்த யாரும் விசையைத் தொடவில்லை. யந்திரம் பழுதில்லாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். அவள் தூக்கத்துக்கு மாத்திரை கொடுக்கலாம், கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழுதான யந்திரத்துக்கும் ஓடுகிற யந்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் திருப்புளியைக் கொடுக்கலாமா?

இந்தப் படிப்பு டாக்டருக்கு அந்நியம் என்கிறார்கள். சரித்திரம் தெரியாத பேச்சு. டார்வின் 1872-இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அவருக்கு ஏராளமான குறிப்புகளும் புகைப்படங்களும் அனுப்பியவர் யார்? யார்க்‌ஷயரில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் தலைவர், கிரைட்டன் பிரௌன். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் வேலை செய்த ஸ்காட் என்பவரும் இங்கத்திய மனிதர்களின் முகபாவங்களைப் பார்த்து எழுதி அனுப்பினார். செடி வளர்க்கிறவனுக்கு அன்று இருந்த ஆர்வம் இன்று மனநோய் படிக்கிறவனுக்குக் கூடாதாம்.

இதைவிட நம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்று ஓர் ஆங்கில டாக்டர். 1898-இல் கேம்பிரிட்ஜிலிருந்து டோரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குப் போன ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர். 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் மந்துகளில் திரிந்தார். அப்போது தோடர்கள் மொத்தமே சுமார் 800 பேர். யாருக்கு யார் தகப்பன், யாருக்கு யார் அத்தை மகன் என்று வம்சாவளி வம்சாவளியாக எழுதி எடுத்தார். 1906-இல் அவருடைய தோடர் புத்தகம் வந்தது. முறைப்பெண், முறை மாப்பிள்ளை என்று நாம் சொல்கிற கல்யாண முறையைப் பற்றியும் எழுதினார். அதே மனிதர் முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் குண்டதிர்ச்சியால் மனம் கலங்கிய ராணுவ அதிகாரிகளுக்கு வைத்தியம் செய்தார். 1917-இல் கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் அவரிடம் நோயாளியாக இருந்தார்.

ரிவர்ஸ் அங்கே எதைக் கவனித்தார் தெரியுமா? சாதாரணச் சிப்பாய்க்குப் பேச்சு அடைத்துப் போகிறது, கைகால் விளங்காமல் போகிறது. அதிகாரிக்கோ அப்படி அதிகம் வருவதில்லை. அவனுக்குக் கெட்ட கனவும் பதற்றமும். ஒரே குண்டு, ஒரே சேறு. நோய் மட்டும் பதவிக்குத் தக்கபடி! இதற்குக் காரணத்தை அவர்கள் படித்த பள்ளியிலும், வகித்த பொறுப்பிலும், எதை வெளியே காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்ற வளர்ப்பிலும் தேடினார். இன்னொரு பக்கம், ஆபத்து வந்தால் ஓடுவது, எதிர்ப்பது, அசையாமல் கிடப்பது என்று பிராணிகளுக்குள்ள ஆதி குணங்களிலும் தேடினார். 1920-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன. தோடர் குடிசையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த டாக்டருக்குத்தான் சிப்பாயின் நாக்கு ஏன் கட்டியது என்று கேட்கத் தோன்றியது. அதே டோரஸ் குழுவில் போன இன்னொரு டாக்டர் செலிக்மன் இலங்கைக்கு வந்து வேடர்களைப் பற்றி 1911-இல் எழுதினார். மயர்ஸ் என்ற மூன்றாவது டாக்டர்தான் குண்டதிர்ச்சி என்ற சொல்லை 1915-இல் வைத்தியப் பத்திரிகையில் அச்சேற்றியவர். அந்தக் காலத்தில் சிவப்பு மை தட்டுப்பாடாக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் பேச்சு போதும் என்று யாராவது சொல்லலாம். ஆர்.எல். கபூர் என்ற நம் நாட்டு டாக்டரும் கார்ஸ்டேர்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் தென் கன்னடக் கடற்கரையில் கோட்டா என்ற ஊரில் வீடு வீடாகப் போய் 1976-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அங்கே பிராமணர், பண்டர், மீன் பிடிக்கும் மொகேரர் என்று மூன்று சமூகங்கள். முதலாவது மக்கள் வழி; மற்ற இரண்டும் மருமக்கள் வழி. மன உபாதை எந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். இங்கிலீஷ் கேள்வித்தாள் உதவாது என்று தாங்களே ஒன்றை உண்டாக்கினார்கள். ஊரில் நாட்டு வைத்தியன், மந்திரவாதி, சாமியாடி என்று மூன்று விதமான ஆட்களிடம் ஜனங்கள் போவதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

மருமக்கள் வழி என்றதும் நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் காது நிமிரும். இங்கே வேளாளக் குடும்பங்களில் 1926-இல் திருவிதாங்கூர் சர்க்கார் சட்டம் கொண்டு வருகிற வரையில் சொத்து மகனுக்கில்லை, மருமகனுக்கு. மகனுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். கவிமணி பாடிய மருமக்கள் வழி மான்மியத்தைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு என் தாத்தாவின் முகம்தான் ஞாபகம் வரும். தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லாத வீடு அது. அந்த மௌனம் சட்டம் வந்து இரண்டு தலைமுறை கழிந்த பிறகும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பாகம் பிரித்தபோது புத்தி பேதலித்துப் போன காரணவர்களைப் பற்றி என் சிறு வயதில் ஊருக்கு ஒரு கதை கேட்டிருக்கிறேன். ஒரு சமூகம் முழுவதும் ஒரே சட்டத்தால் பாசத்தின் திசையை மாற்றிக் கொண்டது. மனதைப் படிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பரிசோதனைச் சாலை கிடைக்குமா? இதைக் கண்ணால் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். கேட்டு வளர்ந்தவர்களும் போய்க் கொண்டிருக்கிறார்கள். நம் எம்.டி. மாணவர்களோ நூறு சர்க்கரை நோயாளிகளை எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

பரிணாமவாதிகளிடமும் ஒரு வார்த்தை. மகனை விட்டு மருமகனுக்கு ஏன் கொடுக்கிறான் மனிதன் என்று அவர்களும் மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். சகோதரி பிள்ளை தன் ரத்தம் என்பது நிச்சயம், மனைவி பிள்ளை அப்படியல்ல, அதனால்தான் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நம் பாட்டிமார்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், கணக்குப் போட்டுப் பார்த்தவர்களே அது ஒத்து வராது என்று கண்டுகொண்டார்கள். நூறு பிள்ளைகளில் சுமார் 27-க்கும் குறைவானவர்களே கணவனுக்குப் பிறந்தவர்களாக இருந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். அப்படி ஒரு ஊர் பூலோகத்தில் இல்லை. நிலமும் நெல்லும் மகள்களை எப்படிக் காப்பாற்றின என்று பார்க்கிற வேறு விளக்கங்கள் வந்திருக்கின்றன. ஆகவே பரிணாமம் என்று பெயர் வைத்துக் கட்டுகிற கதையை எல்லாம் நம்பு என்று என் மருமகனுக்கு நான் சொல்லவில்லை. நம்பாமல் இருப்பதற்கும் படித்திருக்க வேண்டும். ஜாதிக்கும் ஆண் திமிருக்கும் டார்வினைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை மடக்கவும் டாக்டர்களுக்கு இது தெரிய வேண்டும். 2018-இல் டார்வின் சொன்னது தப்பு என்று ஒரு மத்திய மந்திரியே பேசிய தேசம் இது.

எதிர்த் தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த தேசத்தில் லட்சம் பேருக்கு ஒரு மனநோய் டாக்டர்கூட இல்லை. வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. இதில் பையன்களைக் கடற்கரைக்கு அனுப்பினால் மாத்திரை எழுதுவது யார்? நியாயமான கேள்வி. ஆனால் அந்த வரிசையில் நிற்காதவர்களைப் பற்றி எனக்குக் கவலை. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை கிராமத்துச் சாவு ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். தற்கொலை வருஷத்துக்கு லட்சத்துக்கு 95 என்று கண்டார்கள். சர்க்கார் கணக்கில் அப்போது தேசத்துக்கு லட்சத்துக்குப் பத்து, பதினொன்று. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள் பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58. இந்தப் பெண் பிள்ளைகள் எந்த வரிசையில் நின்றார்கள்? வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் அவர்கள் இருந்ததே தெரிந்தது.

கோவில் விவகாரமும் இப்படித்தான். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதை மறந்துவிட்டு, நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர் என்று பெருமை பேசுகிறவனோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் 2002-இல் பெங்களூர் டாக்டர்கள் சிலர் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோவிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அடி இல்லை, சங்கிலி இல்லை, சடங்குகூட அதிகமில்லை. குடும்பத்தோடு தங்கி, பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சராசரி ஆறு வாரம் இருந்தார்கள். நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது சாமியாலா, துணையாலா, நாள் போனதாலா? எனக்குத் தெரியாது. அங்கே போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்களே, அதைச் சொல்கிறேன். முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் உட்கார நம் கல்லூரிகளிலிருந்து யாராவது வருகிறார்களா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மூன்று வருஷப் படிப்பில் மூன்று மாதம் ஒரு ஊரில் போய் இருக்கட்டும். தீஸிஸுக்கு இரண்டு வழிகாட்டிகள் இருக்கட்டும். ஒருவர் டாக்டர், மற்றவர் மானிடவியலோ நாட்டார் வழக்காறோ படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை இருக்கிறது. பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. இவர்களும் டாக்டர்களும் ஒரு மேஜையில் காப்பி குடித்தார்களா என்று சந்தேகம். லண்டனில் மனநோய் வைத்தியர்களின் ராயல் காலேஜ் 2016-இல் பரிணாமத்துக்கென்றே ஒரு குழு வைத்துவிட்டது. அங்கே படிக்கப் போகிற நம் பையன்கள் அங்கே போய்க் கேட்டுத்தான் இதைத் தெரிந்து கொள்ள வேண்டுமா?

அன்று சாயங்காலம் வரை இதையெல்லாம் மருமகனிடம் கத்தித் தீர்த்தேன். அவன் உப்பேரித் தட்டைக் காலி செய்திருந்தான். பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துக் காட்டினான். 1960-இல் லீட்ஸ் நகரத்து ஹாமில்ட்டன் என்பவர் தயாரித்த மனச்சோர்வு அளவுகோல். பதினேழு கேள்விகள். யாரோ தமிழில் பெயர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை வாசித்தேன், எனக்கே அர்த்தமாகவில்லை.

"இதைத்தான் கேக்கப் போறியா?"

"இதைக் கேட்டாத்தான் பாஸ் மாமா. சர்க்கரைக்காரங்க நூறு பேரையும் முடிச்சுக் கொடுத்திடுவேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே. தூத்தூருக்கு இங்கேருந்து நேர் பஸ் உண்டா?" என்றான்.

"மார்த்தாண்டம் போய் மாறிக்கோ. அதிகாலையிலேயே கிளம்பு, குர்பானை முடிஞ்சு ஆட்கள் வெளியே நிற்கும்போது போய்ச் சேரணும். அந்தச் சிட்டையை இங்கேயே வெச்சுட்டுப் போ" என்றேன்.

வைத்துவிட்டுத்தான் போனான். என் மேஜைமேல் இப்போதும் கிடக்கிறது.